ஆபீஸுக்கு ஒரு பிரதட்சணம்

இந்தப் பூவுலகில் ஆபீஸுக்கு வலமாகப் போய், வலமாகவே வீடு திரும்பிய ஒரே மனிதர் எங்கள் புறப்பாடுதான். இன்னொருவர் எங்காவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்காதீர்கள். ஒருவரோடு பட்டதே போதும்.

அவருடைய நிஜப் பெயர் சீசன் டிக்கெட்டில் இருந்தது. அதை டிக்கெட் பரிசோதகரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலில் அவர் ஸ்ரீபாதம் தாங்கி. அதாவது, உற்சவ நாட்களில் சுவாமியின் பல்லக்கைத் தோளில் சுமப்பவர். மற்ற நாட்களில், சென்னையில் நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய ஆறு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். சுவாமி கிளம்பும்போது "புறப்பாடு ஆச்சு!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் அவரை எங்கே போனாலும் விடவில்லை. ரயில் அசைந்தால் "புறப்பாடு ஆச்சு!" லிஃப்ட் கதவு மூடினால் "புறப்பாடு ஆச்சு!" எங்கள் பழைய மேனேஜர் ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறி உட்கார்ந்தார். புறப்பாடு கைகூப்பிக்கொண்டு அதையே உரக்கச் சொல்லிவிட்டார். மேனேஜரின் மனைவி ஓவென்று அழுதுவிட்டார்.

மனிதருக்கு உட்காரவே தெரியாது. ஜன்னலோர சீட் காலியாக இருந்து "வா, வா" என்று கூப்பிட்டாலும் நின்றுகொண்டுதான் வருவார். நின்றாலும் சும்மா நிற்கிற ஜென்மம் இல்லை. இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால், லேசாக ஒரு ஆட்டம். பல்லக்கு தூக்குகிறவர்களின் நடை அது. எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது. காபி ஆறும்வரை காத்திருக்க முடியாமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். இப்படிப்பட்ட என் கண்ணெதிரே ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆடிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? சில நாள் அவரைத் தூக்கி லக்கேஜ் வைக்கும் பலகையில் போட்டுவிடலாமா என்று தோன்றும்.

மாலையில் மட்டும்தான் அவரோடு பயணம். காலையில் அவர் எங்கள் வண்டியில் வரமாட்டார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போக இரண்டு வழி. தெற்கே செங்கல்பட்டு போய், தாம்பரம் வழியாகச் சென்னையைப் பிடிப்பது ஒன்று. இதற்கு நேர் வண்டி உண்டு. நாங்கள் எல்லோரும் இதில்தான் போவோம். வடக்கே அரக்கோணம் போய், வண்டி மாறி, திருவள்ளூர் வழியாகச் சென்னையைப் பிடிப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படம் போட்டால், கோணல்மாணலாக ஒரு வட்டம் வரும். கிழக்கே சென்னை, தெற்கே செங்கல்பட்டு, மேற்கே காஞ்சிபுரம், வடக்கே அரக்கோணம். புறப்பாடு காலையில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பி, அரக்கோணம் வழியாகச் சென்னை வருவார். மாலையில் எங்களோடு செங்கல்பட்டு வழியாகத் திரும்புவார்.

"ஏண்ணா, நேர் வண்டி இருக்குதே. எதுக்கு தெனமும் அரக்கோணம் போயி இறங்கி ஏறிக்கினு வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல செங்கல்பட்டு வழியா போனா இடம்பா. அப்பிரதட்சணம். மேக்கேருந்து வடக்க போயி கெழக்க வந்தாத்தான் வலம். சாயங்காலம் கெழக்கேருந்து தெக்கால போயி மேக்க வந்தா அதுவும் வலம். தெனம் ஒரு முழு சுத்து."

"கோயில்ல சரி. ரயில்ல இன்னாத்துக்குணா?"

"பெருமாளைத் தூக்கற தோளுபா இது. இடமா சுத்தலாமா?"

"இப்ப பெருமாளையா தூக்கிக்கினு போறீங்க? சோத்து டப்பாவைத்தானே தூக்கிக்கினு போறீங்க?"

"டப்பா மாறும். தோளு அதே தோளுதானே?"

எங்களோடு தினமும் வரும் மல்லிகா அக்கா சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்பேர்ப்பட்ட நோயாளியையும் ஒரு பார்வையில் படுக்க வைத்துவிடுவார். அவரே, "வுடுபா, இதுக்கு மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டார்.

பிரதட்சணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 'பிராஞ்சு' என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டால் போச்சு, அன்றைய பயணம் எல்லோருக்கும் பாழ். ஒருநாள் எங்கள் பெட்டியில் புதிதாக ஏறிய கண்ணாடிக்காரர் ஒருவர், பாவம், பேச்சுத் துணைக்காக வாயைத் திறந்தார். "மெயின் லைன் இப்படி விழுப்புரத்துக்குப் போவுதுங்க. உங்க காஞ்சிபுரம் பிராஞ்சு லைன்தானே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். புறப்பாட்டின் ஆட்டம் நின்றது.

"பிராஞ்சுன்னா இன்னா சார்?"

"அதாங்க, மெயின்லேருந்து பிரியறது."

"மரத்துலேருந்து கிளை பிரியுது. கிளைக்கு முனை இருக்குதா, இல்லையா? முனை மொட்டையா நிக்குதா, இல்லையா? எங்க லைனுக்கு மொட்டை முனை எங்க இருக்குது, காமிங்க. இந்தப் பக்கம் செங்கல்பட்டைக் கடிச்சிக்கினு இருக்குது. அந்தப் பக்கம் அரக்கோணத்தைக் கடிச்சிக்கினு இருக்குது. ரெண்டு பக்கமும் வாயி இருக்கறது கிளையா? சுத்து சார், சுத்து!"

கண்ணாடிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "தண்டவாளம் போகுதுங்க, ஒத்துக்கறேன். வண்டி போவுதா? இந்த வண்டி திருமால்பூரோட நின்னு திரும்பிடுதே. வந்த வழியே திரும்பற வண்டிக்குப் பேரு பிராஞ்சு வண்டிதானே?"

அது நியாயமான கேள்வி. அதனாலேயே புறப்பாட்டுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்த விவாதம், மறைமலைநகரில் சூடு பிடித்து, சிங்கப்பெருமாள் கோயிலில் கண்ணாடிக்காரர் பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்வரை போயிற்று. அவர் போக வேண்டிய ஊர் வாலாஜாபாத் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தக் கேள்வி புறப்பாட்டைக் குடைந்துகொண்டே இருந்தது. தண்டவாளம் சுற்றா, வண்டி சுற்றா? எதை வைத்து லைன் என்று சொல்வது? விசாரணை கவுன்ட்டரில் போய், "சார், காஞ்சிபுரம் லைனா, பிராஞ்சா, ரூட்டா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தவர், "மூணாம் நம்பர் பிளாட்பாரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விடை மெட்ரோ ரயிலில் கிடைத்தது. ஆபீஸ் வேலையாக நானும் அவரும் ஒருநாள் விமான நிலையப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது மெட்ரோவில் ஏறினோம். பெட்டிக் கதவுக்கு மேலே நீலமும் பச்சையுமாக வரைபடம். ஆலந்தூரில் இரண்டு நிறமும் சேர்ந்து, சென்ட்ரலில் மறுபடி சேர்கின்றன. நாங்கள் ஏறிய வண்டி நீலத்தில் கிளம்பி, ஆலந்தூரில் பச்சைக்குத் தாவுகிற வண்டி. புறப்பாடு வரைபடத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆலந்தூரில் சீருடையில் நின்ற பெண்ணிடம் கதவு வழியாகத் தலையை நீட்டினார்.

"யம்மா, இது எந்த லைன் வண்டி?"

"இவ்ளோ நேரம் ப்ளூ லைன்ல வந்துச்சு சார். இனிமே க்ரீன் லைன்ல போவும்."

"ஒரு வண்டி எப்படிமா ரெண்டு லைன் ஆவும்?"

"லைன்னா தண்டவாளம் சார். வண்டி எங்கேருந்து எங்க போவுதோ, அது ரூட்டு. ஒரு லைன்ல நாலு ரூட்டு ஓடலாம். ஒரு ரூட்டு ரெண்டு லைன்ல ஏறிப் போவலாம்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுவாமி முன்னால் திரை விலகியது போல ஆகிவிட்டது. "கேட்டுக்கினியாபா? வீதி வேற, புறப்பாடு வேற! ராஜவீதி ஒண்ணுதான். அதுல இன்னிக்குப் பெருமாள் வருவாரு, நாளைக்கு ஈஸ்வரன் வருவாரு. அவரு இப்படித் திரும்புவாரு, இவரு அப்படித் திரும்புவாரு. அதுக்காவ வீதிய வெட்டிப் பங்கு போட முடியுமா? யம்மா, நீ எந்த ஊரு?"

"சார், கதவு மூடப்போவுது. தலைய உள்ள இழுங்க சார்!"

அதோடு விட்டாரா? நீலமும் பச்சையும் சேர்ந்தால் அதுவும் ஒரு வட்டம் என்பது அவருக்கு அன்று ராத்திரி உறைத்திருக்கிறது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், சென்ட்ரலில் நீலத்தில் ஏறி ஆலந்தூர் போய், பச்சையில் கோயம்பேடு வழியாகத் திரும்பி ஒரு சுற்று முடித்துவிட்டு வந்தார். நீலத்தில் போய்ப் பச்சையில் வந்தால் வலமாம். மாற்றிச் செய்தால் இடமாம். அவர் வலம் வந்த நேரத்தில் லிஃப்ட்டை இயக்க ஆளில்லை. புது மேனேஜர் ஆறு மாடியும் படியேறிப் போய் நாற்காலியில் சாய்ந்தவர், மூச்சு வந்ததும் முதல் வேலையாகக் காகிதம் கேட்டார். மெமோ வந்தது. "மேல போயி கீழ வர்ற பொழப்பு. இதுல வலம் வர வழி இருந்தா நான் எதுக்கு வெளியே போறேன்?" என்று மெமோவைக் கொண்டுவந்து கொடுத்தவரிடமே கேட்டார்.

இப்படியெல்லாம் சிரிக்க வைத்தவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சனிக்கிழமை.

கோயிலில் அவர் பத்தொன்பது வருஷமாகப் பின் தண்டு. பல்லக்கின் பின்பக்கக் கொம்பைத் தாங்குகிறவர் என்று அர்த்தம். பின் தண்டுக்காரருக்குச் சுவாமியின் முதுகும் முன்னால் போகிறவனின் பிடரியும்தான் தெரியும். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிற்பது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் முன் தண்டின் கையில். அந்த வருஷம் முன் தண்டுக்காரர் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. வரிசைப்படி அந்த இடம் புறப்பாட்டுக்கு வந்தது. ஆனால் எங்கள் கோயிலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. உற்சவத்தின் பெரிய புறப்பாட்டன்று, முதல் தடவை பல்லக்கைத் தூக்கும்போது யார் தோள் கொடுக்கிறாரோ, தண்டு அவருடையது. அந்த நேரத்துக்கு வராதவருடைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போனது போனதுதான், எந்தச் சாக்கும் செல்லாது.

ஒரு மாதமாக லிஃப்ட்டில் ஏறியவர்களுக்கெல்லாம் இந்தச் செய்திதான். தரைத் தளத்தில் ஆரம்பித்தால் ஆறாவது மாடிக்குள் முழங்கால் கதை முடிந்துவிடும். "பத்தொம்போது வருஷம் சார். பிடரியே பாத்துக்கினு நடந்தேன். இப்பதான் வீதியப் பாக்கப்போறேன்." கடன் வசூலிக்க வந்தவர்கூட அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிய புறப்பாடு சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. அன்றைக்கென்று பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் லீவு தரவில்லை. இரண்டு மணிக்கு விட்டுவிடுகிறேன் என்றார், சொன்னபடி விட்டார். எனக்கும் அரை நாள்தான். மல்லிகா அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். மூன்று பேரும் பூங்கா ரயில் நிலையத்தில் போய் நின்றபோது ஒலிபெருக்கி பேசியது. பராமரிப்புப் பணி காரணமாக அன்று மாலைவரை வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போகாது. பேப்பரில் வந்திருந்ததாம். நாங்கள் மூவரும் பேப்பரைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரிப்பதற்குத்தான் வாங்குகிறவர்கள்.

"பஸ்ஸு?" என்றேன். மல்லிகா அக்கா ஏற்கெனவே போனில் இருந்தார். அவருடைய தம்பி காஞ்சிபுரம் பஸ்ஸில் பூந்தமல்லியில் சிக்கியிருந்தார். ஒரு மணி நேரமாக ஒரே கடையின் போர்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல எதிர்ல சென்ட்ரல்லேருந்து அரக்கோணம் லோக்கல் இருக்குது. அங்க நாலரைக்கு மேல காஞ்சிபுரம் வண்டி. அத வுட்டா ராத்திரிதான். ஓடலாம், வாங்கண்ணே!" என்றார் மல்லிகா அக்கா.

புறப்பாடு நகரவில்லை. "அரக்கோணம் வழியா வூட்டுக்கா?" என்றார். "அது இடமாச்சேமா."

சொல்லிவிட்டு, பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"பைத்தியமாணா உங்களுக்கு? பத்தொம்போது வருஷம் பிடரியப் பாத்துக்கினு நடந்தது இதுக்குத்தானா? இன்னிக்கு வுட்டா தண்டு போச்சு!"

"தெரியும்பா."

"அப்புறம் இன்னா?"

"இடமா சுத்திக்கினு போயி, அதே தோளுல பெருமாளை எப்படிபா ஏத்துவேன்? தண்டு போனா போவுது. அவருக்குத் தெரியாதா நான் எப்படி வந்தேன்னு?" விளையாட்டில்லை, மனிதர் நிஜமாகவே தண்டை விட்டுக்கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் நான் கிண்டல் செய்ததெல்லாம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி ஓடிக்கொண்டிருந்தது. என் மூளை அவசரத்தில்தான் வேலை செய்யும்.

"ஏண்ணா, உற்சவத்துல மூணாம் நாளு சாமி முட்டுச்சந்துக்குள்ள மண்டகப்படிக்குப் போவாரே. எப்படித் திரும்பறாரு?"

"போன வழியே."

"வலமா, இடமா?"

"முட்டுச்சந்துல ஏதுபா வலமும் இடமும்? உள்ள போவணும், வெளிய வரணும். அது கிளைத் தெரு…" அங்கேயே நிறுத்திக்கொண்டார். நான் எங்கே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "காஞ்சிபுரத்தைப் பிராஞ்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"நான் சொல்லலணா. செங்கல்பட்டுப் பக்கம் இன்னிக்கு அடைச்சிட்டாங்க. அரக்கோணத்துலேருந்து போற வண்டி காஞ்சிபுரத்தோட நின்னு, போன வழியே திரும்புது. தண்டவாளம் சுத்துதான், ஒத்துக்கறேன். ரூட்டு இன்னிக்கு முட்டுச்சந்து. வீதி வேற, புறப்பாடு வேறன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவருடைய ஆயுதத்தையே பிடுங்கி அவர்மேல் வீசிவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. வயதான ஒருவரிடம் அடித்துப் பேசி வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது போல் இருந்தது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். "சரி. இன்னிக்கு ஒரு நாளு பிராஞ்சு," என்றார்.

ஓடினோம். சுரங்கப்பாதையில் இறங்கி, ஏறி, மல்லிகா அக்காவின் செருப்பு ஒன்று வார் அறுந்து, அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சென்ட்ரலில் வண்டியைத் தொட்டபோது அது அசைய ஆரம்பித்திருந்தது. தொற்றிக்கொண்டோம். எல்லா நாளும் வரும் அந்தக் குரல் வரவில்லை. அவர் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். கடைசியில் மல்லிகா அக்காதான் மூச்சு வாங்க, மெதுவாக, "புறப்பாடு ஆச்சு" என்றார்.

திருவள்ளூர் தாண்டியதும் கோயில் மணியக்காரரிடமிருந்து போன்.

"எங்கபா கீறே?"

"வந்துக்கினே இருக்கேன் சாமி."

"எதுல வர்ற? ரயிலுதான் இல்லியே?"

புறப்பாடு என்னைப் பார்த்தார். "வந்துக்கினே இருக்கேன்," என்று மறுபடி சொல்லி வைத்துவிட்டார். எந்த வழியாக என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அரக்கோணத்துக்கு வெளியே சிக்னல் விழாமல் வண்டி நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. தூரத்தில் காஞ்சிபுரம் வண்டி பிளாட்பாரத்தில் தயாராக நிற்பது தெரிந்தது. நான் சிக்னலைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், தலைமை அலுவலகத்தின் மூதாதையரைத் திட்டினேன். புறப்பாடு மட்டும் யாரையும் திட்டவில்லை. சிக்னல் விழுந்தது. இறங்கி, மேம்பாலம் ஏறி, இறங்கி, அந்த வண்டிக்குள் விழுந்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் ஓர் அம்மாள் நின்றார். எங்களில் யாரை வேண்டுமானாலும் அவர் கேட்டிருக்கலாம். புறப்பாட்டைப் பார்த்துக் கேட்டார். "யப்பா, இது காஞ்சிபுரம் வண்டிதானே? அப்படியே சுத்திக்கினு செங்கல்பட்டுக்குப் போவுமா?"

நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"போவாதுமா. காஞ்சிபுரத்தோட சரி. பிராஞ்சு லைன்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மல்லிகா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி ஓடிய கண்ணாடிக்காரர் அன்று அங்கே இருந்திருந்தால், அவரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது ஆறு அடித்திருந்தது. ஷேர் ஆட்டோக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும், ஏறியிருந்த ஐயம்பேட்டைக்காரர்கள் இரண்டு பேரை "அடுத்த வண்டில வாங்க சார், சாமி விஷயம்" என்று இறக்கிவிட்டுப் பறந்தார். கோயில் வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. புறப்பாடு கிணற்றடிக்கு ஓடி இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, வேட்டியை இறுக்கி, ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். முன் தண்டுக்கு அருகே, வரிசையில் அடுத்தவர் தோளில் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். இவரைப் பார்த்ததும் அந்தத் துணியை எடுத்து இவர் தோளில் போட்டுவிட்டு, "வாணா, உனுக்காவத்தான் தண்டுக் கயித்து முடிச்சை மூணு தரம் அவுத்து அவுத்துக் கட்டி, நேரத்தை இழுத்துக்கினு நின்னேன்," என்று பின்னால் போய்விட்டார்.

பல்லக்கு எழுந்தது. புறப்பாடு முன் தண்டில் இருந்தார். குரல் கொடுக்க வாயைத் திறந்தார், பாதிதான் வந்தது. மீதியைத் தெருவே சேர்ந்து சொன்னது. எனக்குக் கண் மறைத்துவிட்டது. கூட்டத்தில் யாரோ தள்ளியதால் என்று மல்லிகா அக்காவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிவரை தூங்குவது என்று சபதம் எடுத்திருந்தேன். ஆறு மணிக்குப் பால் வாங்க என்னை விரட்டிவிட்டார்கள். கடைத்தெருவில் புறப்பாடு சோற்று டப்பாவோடு ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தோள் வீங்கியிருந்தது.

"லீவு நாள்ல எங்கணா?"

"அரக்கோணம். அப்படியே சென்ட்ரலு. அப்புறம் செங்கல்பட்டு, வூடு. பராமரிப்பு முடிஞ்சிருச்சாம், விசாரிச்சிட்டேன்."

"இன்னா வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லபா. ரெண்டு சுத்து போவணும். ஒண்ணு, நேத்து இடமா வந்தத அவுக்க. ஒண்ணு, இன்னிக்கானது." கொஞ்ச தூரம் நடந்தார். "நீ சொன்னது நியாயம்தான். நான் கொற சொல்லல. ஆனா அந்தம்மாகிட்ட வாயால பிராஞ்சுன்னு சொல்லிட்டேன் பாரு, அதுக்குக் காலால பதில் சொல்லணும்."

"ரெண்டு சுத்துன்னா ராத்திரி ஆயிடுமே. அதுவும் நின்னுக்கினே?"

"பின்ன?"

வீங்கிய தோளோடு இரண்டு பிரதட்சணம், யாரும் பேச்சுத் துணைக்கு இல்லாமல். அவரைச் சொல்லவைத்தது நான். பால் பாக்கெட்டைக் கடைக்காரரிடமே கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொன்னேன். வீட்டுக்குப் போன் செய்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு என்றேன். காஞ்சிபுரத்தில்தானே இருக்கிறாய் என்றார்கள்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினேன். பெட்டி காலியாகக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் ஜன்னலோர சீட். அவர் நின்றார். இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால். நானும் உட்காரவில்லை. நாள் முழுக்க அந்த மனிதரோடு நின்றுகொண்டே வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.